‘ரெக்ரியேட்’ என்றால் மறுபடி உருவாக்குவதா, இளைப்பாறுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘ரெக்ரியேஷன்’ என்ற ஆங்கிலப் பெயர்ச்சொல் நம் எல்லோருக்கும் பழக்கம். அதன் வினைச்சொல்லான ‘ரெக்ரியேட்’ கண்ணில் பட்டால்தான் குழப்பம் வருகிறது. நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவன். ஒருமுறை சரிபார்க்க என் கைக்கு வந்த ஒரு பிரதியில், ஏரிக்கரை அறிவிப்புப் பலகை ஒன்றின் தமிழாக்கம் இப்படி இருந்தது: “இந்த ஏரியில் மீண்டும் உருவாக்குபவர்கள் உயிர்காப்பு அங்கி அணிய வேண்டும்.” எதை உருவாக்குகிறார்கள், ஏன் ஏரியில் இறங்கி உருவாக்குகிறார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை. படகு விடவும் நீந்தவும் வருகிறவர்களைத்தான் மூலம் சொன்னது. அன்று முதல் இந்தச் சொல்லைப் பற்றிப் பலர் கேட்ட கேள்விகளும், நான் சொல்லிவரும் பதில்களும் கீழே.

சுருக்கமாக, ‘ரெக்ரியேட்’ என்றால் என்ன?

வேலையிலோ கவலையிலோ களைத்துப்போன உடம்புக்கும் மனசுக்கும், பிடித்த ஒன்றைச் செய்து தெம்பை மீட்டுக்கொள்வது. விளையாடுவது, மலையேறுவது, மீன் பிடிப்பது, நடந்துவிட்டு வருவது, எதுவாகவும் இருக்கலாம். என்ன செய்கிறோம் என்பது இந்தச் சொல்லுக்கு முக்கியமில்லை. செய்து முடித்தபின் ஆள் கொஞ்சம் புதிதாகத் திரும்புகிறாரா என்பதுதான் முக்கியம்.

‘கிரியேட்’ என்றால் உருவாக்கு. அப்படியானால் ‘ரெக்ரியேட்’ மறுபடி உருவாக்குதானே?

அந்தப் பொருளிலும் ஒரு சொல் இருக்கிறது. ஆனால் அதை வேறு சொல்லாகவே எண்ணிக்கொள்வது நல்லது. எழுத்துகள் ஒன்றுதான், உச்சரிப்பு வேறு.

இளைப்பாறுவதைச் சொல்லும்போது முதல் அசை குறுகி ஒலிக்கும். அழுத்தமும் அங்கேதான் விழும்: ‘ரெக்-ரியேட்’. பழைய காட்சியை மறுபடி அமைப்பது, அழிந்த ஓவியத்தைத் திரும்ப வரைவது போன்றவற்றுக்கு முதல் அசை நீளும், அழுத்தம் கடைசிக்குப் போகும்: ‘ரீ-கிரியேட்’. எழுத்தில் இந்த வேற்றுமை தெரியாது என்பதால், கவனமாக எழுதுகிறவர்கள் இரண்டாவது சொல்லுக்கு நடுவில் ஒரு ஹைபன் போடுவார்கள். ‘ரிசைன்’ என்றால் பதவி விலகுவது, நடுவில் ஹைபன் போட்டால் மறுபடி கையெழுத்திடுவது. ‘ரெக்ரியேட்’ கதையும் அதேதான். என்ன, பதவி விலகல் கடிதத்தில் ஹைபனை மாற்றிப் போட்டால் வேலையே திரும்பி வந்துவிடும். இங்கே அவ்வளவு ஆபத்து இல்லை.

இன்றைய எழுத்தில் ஹைபன் இல்லாமலே ‘மறுபடி உருவாக்கு’ என்ற பொருளில் எழுதுகிறவர்கள்தான் அதிகம். அதனால் வாசிக்கும்போது சூழலைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். பின்னால் செயப்படுபொருள் இருந்தால், அதாவது ‘எதை’ என்ற கேள்விக்கு ஒரு பொருளோ காட்சியோ பதிலாக வந்தால், அது உருவாக்குவது. எதையும் சொல்லாமல் ‘ஆற்றில்’, ‘காட்டில்’, ‘வார இறுதியில்’ என்று இடமோ நேரமோ மட்டும் வந்தால், அது இளைப்பாறுவது. ஏரிக்கரைப் பலகையை மொழிபெயர்த்தவர் இதை ஒரு நொடி பார்த்திருந்தால் போதும்.

சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீனிலிருந்து. ‘ரெ’ என்றால் திரும்ப. ‘க்ரெயாரே’ என்றால் உண்டாக்கு, பிறப்பி. சேர்த்தால் ‘ரெக்ரெயாரே’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் மறுபடி உண்டாக்குவதுதான். ஆனால் லத்தீனிலேயே அதற்கு உயிரூட்டுவது, சோர்ந்ததைத் தேற்றுவது, நோயிலிருந்து மீட்பது என்ற பொருள்கள் ஏறிவிட்டன.

எனக்குப் பிடித்த சான்று ஹோரஸ் என்ற ரோமானியக் கவிஞரிடம் இருக்கிறது. அவருடைய பாடல்களின் முதல் தொகுதியில், கி.மு. 23 வாக்கில் வெளிவந்தது அது, 22ஆவது பாடலில் ஒரு பாழ்நிலத்தைச் சொல்கிறார்: கோடைத் தென்றல் வந்து எந்த மரத்தையும் துளிர்க்க வைக்காத சமவெளி. காற்று மரத்துக்கு என்ன செய்கிறதோ, அதைச் சொல்ல அவர் எடுத்த வினைச்சொல் இதுதான். அங்கே விளையாட்டும் இல்லை, விடுமுறையும் இல்லை. வாடி நின்ற மரத்தின் மேல் காற்று பட்டதும் இலைகள் நிமிர்கின்றனவே, அதுதான் ‘ரெக்ரியேட்’.

மரத்தைச் சொன்னது தற்செயல் என்றும் தள்ளிவிட முடியாது. ‘க்ரெயாரே’வும், வளர்வதைக் குறிக்கும் ‘க்ரெஸ்கெரே’ என்ற லத்தீன் சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. வளர்பிறையைக் குறிக்கும் ‘க்ரெசன்ட்’ அந்த வழியில் வந்தது. விளைச்சலுக்கான ரோமானியத் தெய்வம் கேரெஸின் பெயரும் அதே வேர். அவள் பெயரிலிருந்து வந்தது ‘சீரியல்’. காலையில் பாலில் கொட்டும் தானியத்தைச் சொல்கிறேன். இரவில் தொலைக்காட்சியில் ஓடுவது வேறு குடும்பம், அங்கே நடக்கும் குடும்பச் சண்டைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

யாரும் எதிர்பார்க்காத இன்னொரு உறவு ‘ரெக்ரூட்’. படைக்கு ஆள் சேர்ப்பது. பிரெஞ்சு மொழியில் ‘திரும்ப வளர்ந்தது’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது அது. வெட்டிய இடத்தில் கிளை தழைப்பதுபோல, குறைந்துபோன படையில் புது ஆட்கள் தழைக்கிறார்கள். இழந்த உடல்நலத்தைத் திரும்பப் பெறுவதற்கும் ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் ‘ரெக்ரூட்’ என்று எழுதியிருக்கிறார்கள்.

ஆங்கிலத்துக்கு வந்தபோது இதே பொருள்தானா?

பெயர்ச்சொல் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. வினைச்சொல் 15ஆம் நூற்றாண்டில் தலைகாட்டியது. அப்போது பெயர்ச்சொல்லுக்கு இருந்த பொருள்களில் இரண்டு இன்றைய காதுக்கு விநோதமாக இருக்கும். ஒன்று, நோயாளி தேறுவது. மற்றொன்று, சாப்பிட்டுத் தெம்பு பெறுவது.

சாப்பாடு எப்படி ரெக்ரியேஷன் ஆகும் என்று ஆங்கில வாசகர் தலையைச் சொறியலாம். தமிழருக்கு அந்தச் சிரமம் வேண்டியதில்லை. நாம்தான் ‘பசியாறினீர்களா’ என்று கேட்கிறவர்களாயிற்றே. இந்த ‘ஆறு’வுக்குக் கீழே திரும்ப வருகிறேன், என்னைப் பொறுத்தவரை இந்த ஆங்கிலச் சொல்லின் சாவி அங்கேதான் கிடக்கிறது.

‘மறுபடி உருவாக்கு’ என்ற பொருள் ஆங்கிலத்தில் அதற்குப் பிறகு, 16ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் வந்தது. அதாவது நாம் இன்று ‘நேரடிப் பொருள்’ என்று நினைப்பதுதான் ஆங்கிலத்தில் இளையது.

பிறகு எப்படி விளையாட்டுக்கும் கேளிக்கைக்கும் பெயராகிப்போனது?

மெல்ல மெல்ல. எது தெம்பு தருகிறதோ அதன்மேல் பெயர் ஒட்டிக்கொண்டது. முதலில் தேறுதல், பிறகு தேற்றும் செயல், கடைசியில் அந்தச் செயல் தேற்றினாலும் தேற்றாவிட்டாலும் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

நடுவில் இந்தச் சொல் அரசியலிலும் சிக்கியது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை விளையாடலாமா கூடாதா என்று பெரிய வழக்கு. கடுமையான சமயப் பற்றாளர்களான பியூரிட்டன்கள் கூடாது என்றார்கள். மன்னர் முதலாம் ஜேம்ஸ் 1618இல் நாடு முழுமைக்கும் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தேவாலய வழிபாடு முடிந்தபின் மக்கள் தங்கள் ‘சட்டப்படியான ரெக்ரியேஷனை’ அனுபவிக்கலாம், யாரும் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். நடனம், வில்வித்தை, தாண்டுதல் எல்லாம் சரி. கரடியையும் காளையையும் நாய்களை ஏவிக் கடிக்கவிடும் வேடிக்கை கூடாது.

அவர் சொன்ன காரணங்கள்தான் சுவாரசியம். வாரம் முழுக்கப் பிழைப்புக்காக உழைக்கும் ஏழைகளுக்கு ஞாயிறும் திருநாளும் விட்டால் வேறு எப்போது நேரம் என்று கேட்டார். அது நியாயம். கூடவே, விளையாட்டைத் தடுத்தால் சனங்கள் மதுக்கடையில் உட்கார்ந்து வெட்டிப்பேச்சும் அதிருப்திப் பேச்சும் பேசுவார்கள், போருக்கு உதவும் உடலுரமும் போய்விடும் என்றும் எழுதினார். குடிமக்கள் தெம்பாக இருக்கட்டும் என்று ஓர் அரசு அக்கறைப்படும்போது கணக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அவர் மகன் முதலாம் சார்லஸ் 1633இல் அதே அறிவிப்பை மறுபடி வெளியிட்டார். 1643இல் நாடாளுமன்றம் அதைப் பகிரங்கமாக எரிக்கச் சொன்னது. ஓய்வு நேரத்தில் என்ன செய்யலாம் என்ற காகிதத்தைத் தீயிலிட்டார்கள் என்றால், சொல் எவ்வளவு சூடாக இருந்திருக்க வேண்டும்!

அந்தச் சூடு தணிந்த பத்தே ஆண்டில், 1653இல், ஐசக் வால்ட்டன் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு வைத்த துணைத்தலைப்பில் அதே சொல் அமைதியாக வந்து உட்கார்ந்திருக்கிறது: சிந்திக்கும் மனிதனின் ரெக்ரியேஷன்.

‘ரெக்ரியேஷன் கிரவுண்ட்’ என்பதும் இதே வழியா?

ஆமாம். தொழில்மயமான நகரங்களில் காற்று வாங்க இடமில்லாமல் போனபோது பிறந்த பெயர் அது. பொதுமக்களுக்கும் குழந்தைகளுக்கும் விளையாட நிலம் ஒதுக்க வழிசெய்து பிரிட்டனில் 1859இல் ஒரு சட்டமே வந்தது. பேச்சுவழக்கில் அதை ‘தி ரெக்’ என்று சுருக்கிவிட்டார்கள்.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பெயர் வேறு வழியில் பழக்கம். பிரையன் லாரா 1994இல் 375 ரன்னும், 2004இல் ஆட்டமிழக்காமல் 400 ரன்னும் குவித்த மைதானம் ‘ஆன்டிகுவா ரெக்ரியேஷன் கிரவுண்ட்’. இரண்டு முறையும் எதிரணி இங்கிலாந்து. அந்த நாட்களில் களத்தில் நின்ற பந்துவீச்சாளர்களுக்கு மைதானத்தின் பெயர் சற்றுக் கேலியாகத்தான் பட்டிருக்கும்.

பெயர்ச்சொல் எங்கும் இருக்கிறது. வினைச்சொல்லை மட்டும் ஏன் காணோம்?

பிரிட்டனில் அது கிட்டத்தட்ட வழக்கொழிந்துவிட்டது. முன்பு ‘தன்னைத் தானே ரெக்ரியேட் செய்துகொண்டான்’ என்று தற்சுட்டோடு எழுதுவார்கள். அந்த வடிவம் இன்று பழங்கால வாடை அடிக்கும்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. தேசியப் பூங்கா, காடு, ஆறு இவற்றை நிர்வகிக்கும் துறையினர் செயப்படுபொருள் இல்லாமல் தினசரி புழங்குகிறார்கள்: ‘இந்த ஆற்றில் ரெக்ரியேட் செய்பவர்கள்’. நடப்பவர், ஓடுபவர், படகோட்டி, மீன்பிடிப்பவர், கூடாரம் போடுபவர் என்று பட்டியல் போடாமல் ஒரே சொல்லில் அள்ளிவிடலாம் என்பது அவர்களுக்கு வசதி. 2020இல் கொரோனா முடக்கத்தின்போது வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் காடுமேடு தேடிக் கிளம்ப, ‘பொறுப்போடு ரெக்ரியேட் செய்யுங்கள்’ என்ற முழக்கம் அங்கே பரவியது. அதைப் படித்த பலர் முதல்முறையாக அகராதியைத் திறந்திருப்பார்கள்.

அது பிழையான ஆங்கிலம் என்று சிலர் சொல்கிறார்களே?

பிழையில்லை. பெயர்ச்சொல்லைப் பிடித்து யாரோ நேற்றுச் செய்த சொல் என்று நினைப்பதால் வரும் கோபம் அது. 15ஆம் நூற்றாண்டுச் சொல் என்று முன்பே பார்த்தோம். அகராதிகள் செயப்படுபொருள் குன்றிய வடிவத்தையும் ஏற்கின்றன. ஆனால் அலுவலக அறிக்கை வாடை அதற்கு உண்டு என்பதை நானும் மறுக்கமாட்டேன். யாரும் நண்பனைக் கூப்பிட்டு ‘வா, ரெக்ரியேட் செய்யலாம்’ என்று சொல்வதில்லை. விளையாடலாம் வா என்பார்கள், அல்லது சும்மா வா என்பார்கள்.

தமிழில் ‘பொழுதுபோக்கு’ என்று எழுதினால் போதாதா?

பல இடங்களில் போதும். ஆனால் சொல்லின் உள்ளே இருப்பது வேறு என்று தெரிந்துகொண்டு எழுதுவது நல்லது.

பொழுதுபோக்கு என்றால் பொழுதைப் போக்குவது. ஆங்கிலத்தில் அதன் நேர் இணை ‘பாஸ்டைம்’. அங்கே கவனம் நேரத்தின்மேல்: கையில் பொழுது கிடக்கிறது, அதைக் கழிக்க வேண்டும். ‘ரெக்ரியேட்’டில் கவனம் ஆளின்மேல்: உள்ளே ஏதோ குறைந்திருக்கிறது, அதை நிரப்ப வேண்டும். ஒன்று கழித்தல், மற்றொன்று கூட்டல். மூன்று மணி நேரம் கைபேசியில் காணொளிகளைத் தள்ளிக்கொண்டே இருந்துவிட்டு, கண் எரிய, தலை கனக்க எழுந்தால் அது சந்தேகமில்லாமல் பொழுதுபோக்கு. பொழுது போய்விட்டது. ரெக்ரியேஷன் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

நமக்கு ‘இளைப்பாறு’ என்று ஒரு சொல் இருக்கிறது. இளைப்பு என்றால் களைப்பு, மூச்சு வாங்குவது. அதோடு ‘ஆறு’. இந்த ஆறு எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். பால் ஆறுகிறது. புண் ஆறுகிறது. கோபம் ஆறுகிறது, ‘ஆறுவது சினம்’ என்று பள்ளியில் படித்திருக்கிறோம். பசியாறுகிறோம். துக்கம் நேர்ந்தவருக்கு ஆறுதல் சொல்கிறோம். அவசரமில்லாமல் செய்வதை ‘ஆற அமர’ என்கிறோம். சூடு, காயம், சினம், பசி, துயரம், களைப்பு, எல்லாம் தம் இயல்புக்குத் திரும்புவதற்கு ஒரே வினைச்சொல். லத்தீன் ‘ரெக்ரெயாரே’ நோயாளியையும் வாடிய மரத்தையும் ஒரே சொல்லில் தொட்டதே, ஆங்கிலத்தில் அது சாப்பாட்டையும் தொட்டதே, அந்த வீச்சு நம் ‘ஆறு’வில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

இலக்கணத்திலும் ஒரு பொருத்தம் உண்டு. ‘ஆறு’ தன்வினை, ‘ஆற்று’ பிறவினை. தானே ஆறுகிற புண்ணுக்கு ஒன்று, புண்ணை ஆற்றும் மருந்துக்கு மற்றொன்று. ஆங்கிலத்தில் ஒரே ‘ரெக்ரியேட்’ இரண்டு வேலையும் பார்க்கத் திணறுகிறது.

அப்படியானால் எல்லா இடத்திலும் ‘இளைப்பாறு’ போட்டுவிடலாமா?

அங்கேதான் சிக்கல். இளைப்பாறு என்றதும் மர நிழலில் உட்கார்ந்தவர்தான் மனக்கண்ணில் வருகிறார். ‘ரெக்ரியேட்’ உட்காரச் சொல்லவில்லை. நாள் முழுக்கக் கணினி முன்னால் இருந்த ஒருவர் மாலையில் ஒரு மணி நேரம் பூப்பந்து ஆடுகிறார் என்று வையுங்கள். சட்டை நனைந்து ஒட்டுகிறது, கெண்டைக்கால் இழுக்கிறது, மூச்சு வாங்குகிறது. அதாவது இளைப்பு கூடித்தான் போயிருக்கிறது. ஆனால் காலையிலிருந்து தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்த கணக்கு நின்றுவிட்டது. முகத்தைக் கழுவிவிட்டு நிமிரும்போது ஆள் வேறு. இதை ‘இளைப்பாறினார்’ என்றால் பொருந்தாது.

நான் சூழலைப் பார்த்து மாற்றிக்கொள்வேன். அமைதியான செயல் என்றால் இளைப்பாறு. ஓடியாடும் செயல் என்றால் ‘விளையாடி மகிழ்’ அல்லது ‘புத்துணர்வு பெறு’. அறிவிப்புப் பலகை என்றால் தயங்காமல் செயலையே சொல்லிவிடுவேன்: ‘ஏரியில் படகு விடுபவர்களும் நீந்துபவர்களும்’. பலகை படிக்கிறவருக்குச் சொல்லாராய்ச்சி தேவையில்லை, உயிர்காப்பு அங்கிதான் தேவை.

‘ரிலாக்ஸ்’, ‘அம்யூஸ்’, ‘லெஷர்’ இவற்றோடு என்ன வேறுபாடு?

வேரைப் பார்த்தால் தெளியும். ‘ரிலாக்ஸ்’ லத்தீனில் தளர்த்துவது. இறுகிய கயிற்றை விடுவது. தளர்த்தினால் மட்டும் போதும், எதுவும் நிரம்ப வேண்டியதில்லை. ‘அம்யூஸ்’ வாயைப் பிளந்து பார்க்க வைப்பது என்ற பிரெஞ்சு மூலத்திலிருந்து வந்தது. முன்பு கவனத்தைத் திருப்பி ஏமாற்றுவது என்ற பொருளும் இருந்தது. ‘லெஷர்’ அனுமதி சம்பந்தப்பட்டது: இந்த நேரத்தில் உனக்கு விருப்பமானதைச் செய்ய இசைவு உண்டு. ஆக, லெஷர் நேரத்தைச் சொல்கிறது. அந்த நேரத்தில் நடக்கக்கூடியது ரெக்ரியேஷன். நடக்காமலும் போகலாம்.

‘ரெக்ரியன்ட்’ என்று ஒரு சொல் பார்த்தேன். அதுவும் இதுதானா?

இல்லை. கோழை, கொள்கையைக் கைவிட்டவன் என்று பொருள். நம்புவதைக் குறிக்கும் வேறொரு லத்தீன் வேரிலிருந்து, தோல்வியை ஒப்புக்கொள்வது என்ற பழைய பிரெஞ்சுச் சொல் வழியாக வந்தது. உருவ ஒற்றுமை மட்டுமே.

‘ரெக்ரியேஷனல்’ என்ற அடைமொழி எதைச் சொல்கிறது?

பெரும்பாலும், எது இல்லை என்பதைச் சொல்கிறது. ரெக்ரியேஷனல் மீன்பிடிப்பு என்றால் விற்பனைக்காக அல்ல. ரெக்ரியேஷனல் போதைப்பொருள் என்றால் மருத்துவத்துக்காக அல்ல. நோயாளி தேறுவதில் தொடங்கிய சொல், மருத்துவத்துக்கு எதிர்ப்பதமாக வந்து நிற்கிறது! ரெக்ரியேஷனல் கணிதம் என்றால் புதிர், மாயச்சதுரம் போன்றவை. பிரெஞ்சுக்காரர் ஜாக் ஒசானாம் 1694லேயே கணித ‘ரெக்ரியாசியோன்’கள் என்று புத்தகம் போட்டிருக்கிறார்.

மற்ற மொழிகளில்?

பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு ‘ரெக்ரே’ என்றால் பள்ளி இடைவேளை. ஸ்பானியப் பிள்ளைகளுக்கு ‘ரெக்ரேயோ’. இந்தோனேசியாவுக்கு டச்சு வழியாகப் போய் ‘ரெக்ரெயாசி’ ஆனது. ஜெர்மன் மொழி தன் சொந்தச் சரக்கில் ‘எர்ஹோலுங்’ என்கிறது. ‘போய் எடுத்து வா’ என்ற வினையிலிருந்து பிறந்தது. தொலைத்த தெம்பைப் போய் எடுத்து வருவது என்று நான் படித்துக்கொள்கிறேன்.

நான் ஆங்கிலத்தில் எழுதும்போது இந்த வினைச்சொல்லைப் பயன்படுத்தலாமா?

அமெரிக்க வாசகருக்கு, பூங்கா, காடு, நீர்நிலை சம்பந்தமாக எழுதினால் தாராளமாக. மற்ற இடங்களில் வாசகர் முதலில் ‘மறுபடி உருவாக்கு’ என்றே படிப்பார். பாதி வரியில் தடுக்கித் திரும்பி வருவார். அங்கே பெயர்ச்சொல்லை வைத்து வாக்கியத்தை மாற்றிவிடுங்கள். ‘மறுபடி உருவாக்கு’ என்ற பொருளில் எழுதும்போது மறக்காமல் ஹைபன் போடுங்கள். நாளைக்கு அதைத் தமிழில் மொழிபெயர்க்க உட்காருகிறவர் உங்களை வாழ்த்துவார்.